அன்னையின் கரகமும் குயவரின் சூளையும்

அம்மன் திருவிழா, கரகமும் தீச்சட்டியும் இன்றி நிறைவு பெறுவதில்லை. வேப்பிலையும் பூவும் சூடி, அன்னையாகவே வணங்கப்பெறும் மண் கலயம் முன்னர் வெறும் களிமண்ணாகக் கிடந்தது. குயவரின் கைகளும் விறகுத் தீயுமே அதற்கு உருவும் உறுதியும் அளித்தன. இதனைப் பக்தப் பெருமக்கள் நினைவிற் கொள்ளுதல் நலம்.

ரேணுகையின் பச்சைக் குடம்

ஜமதக்னி முனிவரின் பத்தினியான ரேணுகாதேவி, நாள்தோறும் ஆற்று மணலைக் கையால் திரட்டிக் குடமாக்கி, அதில் நீர் முகந்து வருவார் என்பது வழிவழியாக வழங்கிவரும் கதை. தீயில் சுடாத அக்குடம், அவரது கற்பின் வலிமையால் கரையாது நின்றது. ஒருநாள் வானில் சென்ற கந்தர்வனின் நிழல் நீரில் தெரிய, அவர் மனம் கணப்பொழுது அதில் நிலைத்தது, குடமும் கரைந்துபோயிற்று. அந்த ரேணுகையே மாரியம்மனாக வழிபடப்பெறுகிறார். அன்னையின் கற்பு அன்று மண்ணுக்கு அளித்த உறுதியை, இன்று சூளைத் தீயே அளிக்கிறது.

தீயின் பக்குவம்

களிமண்ணில் உள்ள கல்லையும் வேரையும் நீக்கி, மணல் கலந்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவர். சக்கரத்தில் வனைந்த பானையை நூலால் அறுத்தெடுத்துச் சற்று உலரவிடுவர். பின்னர் உள்ளே உருண்டைக் கல்லை அணைத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடிப்பாகத்தை மூடுவர். நிழலில் நன்கு உலர்ந்த பின்னரே சூளையில் அடுக்கி, விறகும் வைக்கோலும் இட்டுத் தீ மூட்டுவர். தொடக்கத்தில் தீ மெல்ல எரிதல் வேண்டும். மண்ணின் ஈரம் வெளியேறுமுன் வெப்பம் மிகுந்தால் பானை வெடித்துவிடும்.

சூளையில் காற்று தாராளமாகப் புகுந்தால், மண்ணிலுள்ள இரும்புச்சத்தினால் பானை சிவக்கும். புகை சூழ்ந்தால் கருக்கும். பேராக் மாநிலத்துச் சாயோங்கில், மலாய்க் கைவினைஞர்கள் சுரைக்காய் வடிவில் வனையும் ‘லாபு சாயோங்’ என்னும் நீர்க்குடம், சூட்டோடு உமியில் இடப்பெற்றே கருமை பெறுகிறது.

நிர்வாகங்களின் கடமை

தீச்சட்டி ஏந்தும் பக்தர், அன்னையை நம்பிக் கனலைக் கையில் தாங்குகிறார். அவசரமாகச் சுட்ட சட்டி வழியில் பிளந்தால் அவர் உடல் புண்படும். கொடியேற்றம் நெருங்கிய பின்னர்ப் பானைக்குச் சொல்லியனுப்பினால், மழை நாளில் மண் காய்வதற்கும் அவகாசம் இராது. ஆகவே முன்னதாகவே சொல்லி வைத்தலும், உரிய விலையைத் தயங்காது கொடுத்தலும், ஒவ்வொரு சட்டியையும் விரலால் தட்டிப் பார்த்து வாங்குதலும் ஆலய நிர்வாகங்களின் கடமையாகும். நன்கு வெந்த சட்டி கணீரென்று ஒலிக்கும். விரிசலுற்றது மழுங்கிய ஓசை தரும்.

தில்லையில் அடியார்களுக்குத் திருவோடு வனைந்தளித்த குயவரான திருநீலகண்டரை, அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவராக வைத்து வணங்குகிறது சைவ உலகம். அவர் செய்த தொழிலைப் போற்றி வாங்கும் ஒவ்வொரு மண் கலயமும் அன்னைக்குச் செய்யும் தொண்டேயாகும். மகமாயியின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக!