இரண்டு சம்பளம், ஒரே வரிக் கணக்கு

பெக்கோக்கிலும் லாபிஸ் பக்கமும் ஒரே வேலையோடு நிற்கும் இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள். பகலில் தோட்ட அலுவலகம், மாலையிலும் சனி ஞாயிறிலும் கடைக் கணக்கு. விலைவாசி அப்படி. குறை சொல்ல எனக்கு வாயில்லை. வானொலி வேலை முடிந்ததும் கல்யாண மண்டபத்தில் மைக் பிடிக்கிறவள்தானே நானும்!

அப்படி இரண்டு வேலை பார்க்கும் எங்கள் உறவுக்காரத் தம்பி ஏப்ரலில் அழைத்தான்.

“அக்கா, ரெண்டு முதலாளியும் ஒரு காசு வரி பிடிக்கல. அப்படின்னா எனக்கு வரியே இல்லன்னுதானே அர்த்தம்? இப்போ ஆயிரத்து முந்நூறு வெள்ளிக்கு மேல கட்டுன்னு காட்டுதே!”

காட்டியது சரிதான். அவன் கணக்கையே பார்ப்போம். முதல் வேலையில் மாதம் 3,500 ரிங்கிட், இரண்டாவதில் 1,500. மணமாகாதவன். தனிநபர் கழிவு 9,000, சேமநிதிக் கழிவு அதிகபட்சம் 4,000. கணக்கு எளிதாக இருக்க மற்றக் கழிவுகளை விட்டுவிடுகிறேன்.

தோட்ட அலுவலகத்துக்குத் தெரிந்தது ஆண்டுக்கு 42,000 ரிங்கிட் மட்டுமே. கழிவு போக 29,000. அதற்கு வரி 420. வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவர்களுக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. மிச்சம் வெறும் 20 ரிங்கிட். மாதாந்திர வரிப் பிடித்தம், அதாவது பிசிபி, மாதம் 10 ரிங்கிட்டுக்குக் கீழே போனால் முதலாளி பிடிக்க வேண்டியதில்லை. ஆகவே சம்பளச் சீட்டில் பூஜ்யம். கடைக்காரருக்குத் தெரிந்ததோ 18,000. அங்கேயும் பூஜ்யம்.

ஆனால் உள்நாட்டு வருமான வரி வாரியம் மனிதனைத்தான் பார்க்கும், வேலையை அல்ல. இரண்டையும் கூட்டினால் 60,000. கழிவு போக 47,000. 35,000-க்கு மேற்பட்ட பகுதிக்கு 6 விழுக்காடு. தள்ளுபடியும் போய்விட்டது. வரி 1,320 ரிங்கிட். இரண்டாவது வேலைக்கென்று தனி வரி எதுவும் கிடையாது. இரண்டு முதலாளிகளும் பாதிப் பாதி படத்தைப் பார்த்தார்கள், அவ்வளவே.

டிபி3 பாரம் கொடுத்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பாரம் ஆண்டின் நடுவில் ஒரு வேலையை விட்டு இன்னொன்றில் சேர்ந்தவர்களுக்கானது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பவர்கள், என்னைக் கேட்டால், சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வைப்பதுதான் நல்லது. தம்பிக்கு அது மாதம் 110 ரிங்கிட். ஏப்ரல் 30-க்குள் கட்டாவிட்டால் 10 விழுக்காடு கூடும். அதற்கும் அசையாவிட்டால் வாரியம் சிபி38 உத்தரவு அனுப்பி, சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொல்லலாம். அப்போது விஷயம் முதலாளி காதுக்கும் போகும்.

பிப்ரவரி முடிவதற்குள் இரண்டு முதலாளிகளிடமும் இஏ பாரம் கேட்டு வாங்குங்கள். மின்தாக்கலில் எத்தனை வேலை என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 2 என்று போடவேண்டும்.

சேமநிதி விஷயம் வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு முதலாளியும் தனித்தனியாகச் செலுத்தியாக வேண்டும். “பகுதி நேரம்தானே, கையிலேயே வாங்கிக்கோ” என்று சொல்லும் கடைகள் நம் வட்டாரத்தில் நிறைய. தம்பியின் 1,500-க்கு அவன் பங்கு 11 விழுக்காடு, 165 ரிங்கிட். முதலாளி பங்கு 13 விழுக்காடு, 195. கையில் வாங்கினால் அந்த 195 யார் பையில் தங்குகிறது? ஆண்டுக்கு 2,340 ரிங்கிட்.

அதைவிட எனக்குக் கவலை தருவது சொக்சோ, அதாவது பெர்கேசோ. இதையும் ஒவ்வொரு முதலாளியும் கட்ட வேண்டும். இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, லாபிஸிலிருந்து செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் திரும்புகிறவன் அவன். வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் பெர்கேசோ பாதுகாப்பு உண்டு. கடையில் பதிவே இல்லை என்றால், அங்கே வேலை செய்தேன் என்பதையே முதலில் நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும். தம்பியிடம் வரியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். இதைப் பற்றி அரை மணி நேரம். பெர்கேசோவில் தன் பெயரில் எந்தெந்த முதலாளி கட்டியிருக்கிறார் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

என்னைப் போல் நிகழ்ச்சி நடத்தியோ, இணையத்தில் பொருள் விற்றோ சம்பாதிப்பவர்களுக்கு முதலாளியே இல்லை; பிசிபி, சேமநிதி எதுவும் தானாக நடக்காது. தொழிலாகவே செய்தால் பிஇ பாரத்துக்குப் பதில் பி பாரம்; கெடு ஜூன் 30. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பெர்கேசோவின் சுயதொழில் திட்டத்தில் நாமே பணம் கட்டிச் சேர வேண்டும். 2017-இல் டாக்சி ஓட்டுநர்களுக்காகத் தொடங்கிய அந்தத் திட்டம், இப்போது பல தொழில்களுக்கும் திறந்திருக்கிறது.