அமெரிக்காவில் கிறிஸ்தவ ‘பிரெப்’ பள்ளி: கையெழுத்திடும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

வேலை நிமித்தம் அமெரிக்காவுக்குக் குடிபெயரும் நம் குடும்பங்கள் வீடு தேடும்போதே பிள்ளைகளுக்கான பள்ளியையும் தேடத் தொடங்கிவிடுகின்றன. அரசுப் பள்ளிகளின் சூழல் குறித்த கவலையால், “கட்டுப்பாடாவது இருக்குமே” என்று கிறிஸ்தவத் தனியார் பள்ளிகளை விசாரிப்போரும் உண்டு. நம்மில் பலர் ஊரில் கான்வென்ட்டிலும் மிஷன் பள்ளியிலும் படித்தவர்கள்தாம். அதனால் நம் ஈமானுக்கு ஒரு குறையும் வரவில்லை, அங்கும் அப்படித்தானே இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இரு நாடுகளிலும் சட்டமே வேறு.

பிரெப் பள்ளி என்றால் என்ன?

மாணவர்களைக் கல்லூரிப் படிப்புக்குத் தயார்படுத்துவதையே நோக்கமாகக் கொண்டவை ‘காலேஜ் பிரெபரேட்டரி’ பள்ளிகள். கல்லூரித் தரத்திலான ஏ.பி. பாடங்கள், எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வுகளுக்கான ஆயத்தம், கல்லூரி விண்ணப்பத்துக்கு வழிகாட்ட தனி ஆலோசகர் ஆகியவை இவற்றின் அடையாளம். கிறிஸ்தவ பிரெப் பள்ளிகளில் இவற்றோடு பைபிள் வகுப்பும், ‘சேப்பல்’ எனப்படும் ஆராதனைக் கூட்டமும் சேர்ந்துவிடும்.

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் 1922ல் தொடங்கப்பட்ட ஸ்டோனி புரூக் பள்ளி இவ்வகையில் பெயர் பெற்றது. ‘தொழிலுக்கு முன் பண்பு’ என்பது அதன் முழக்கம். கத்தோலிக்கர்களில் சேசு சபையினர் நடத்தும் ஜார்ஜ்டவுன் பிரெப் 1789லேயே தொடங்கப்பட்டது. நமக்குத் தெரிந்த சென்னை லயோலா கல்லூரியும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியும் இதே சபையினர் நடத்துபவைதாம்.

சேர்க்கையில் பொதுவாக இரண்டு முறைகள் உள்ளன. சில பள்ளிகள் பெற்றோரில் ஒருவராவது கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்றவராக இருக்க வேண்டும் என்கின்றன. அங்கே நமக்கு இடமில்லை. வேறு சில பள்ளிகள் எல்லா மதத்தவரையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் பைபிள் பாடமும் சேப்பலும் பெரும்பாலும் அனைவருக்கும் கட்டாயம்.

சட்டம் எங்கே வேறுபடுகிறது?

இந்திய அரசியல் சாசனத்தின் 28(3)ஆம் பிரிவு நமக்கு ஒரு பாதுகாப்பைத் தருகிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஒரு சிறுவரை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது.

அமெரிக்காவில் மத சுதந்திரம் பற்றிய அரசியல் சாசன விதி கட்டுப்படுத்துவது அரசை மட்டுமே. அரசுப் பள்ளி தானே முன்னின்று பிரார்த்தனை நடத்தக் கூடாது என்று 1962ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேரிலாண்டில் தன்பாலின உறவு, பாலின மாற்றம் பற்றிய கதைப் புத்தகங்களை வாசிக்கும் வகுப்புகளிலிருந்து பிள்ளைகளை விலக்கிக்கொள்ள அனுமதி கேட்டு முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர் வழக்குத் தொடர்ந்தனர். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாக உத்தரவிட்டது. இவையெல்லாம் அரசுப் பள்ளிகளுக்கானவை. நாமே விரும்பிச் சேர்த்த தனியார் மதப் பள்ளியில் இந்த உரிமையைக் கோர முடியாது. நிறத்தையும் இனத்தையும் காட்டித் தனியார் பள்ளிகள் இடம் மறுக்கக் கூடாது என்பது 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆனால் மதப் பள்ளி தன் மதத்தவருக்கு மட்டும் இடம் தருவதை அது தடுக்கவில்லை.

இதற்காக அப்பள்ளிகளைக் குறை சொல்வது நியாயமாகாது. எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று ஒரிகன் மாநிலம் சட்டம் இயற்றியபோது, கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்று வழக்காடி 1925ல் வென்றது. இன்று அமெரிக்காவில் இஸ்லாமியப் பள்ளிகள் நடப்பதற்கும் அதே தீர்ப்புதான் அரண்.

எதைக் கேட்க வேண்டும்?

பிற மதத்தைப் பற்றி அறிந்துகொள்வதில் தவறில்லை. ஆனால் இந்தப் பள்ளிகளில் பைபிள் ஒரு தகவலாக அல்ல, ஏற்க வேண்டிய உண்மையாகக் கற்பிக்கப்படுகிறது. நபி ஈஸா (அலை) அவர்களை இறைவனின் மகன் என்று சொல்வதைப் பிள்ளை கேட்பது வேறு. அதையே பாடலாகவும் பிரார்த்தனையாகவும் தன் வாயால் சொல்வது வேறு. எனவே கையெழுத்திடும் முன் இவற்றைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்:

1. பள்ளியின் விசுவாச அறிக்கையை வாசித்ததாக மட்டும் கையெழுத்திட வேண்டுமா, அதை ஏற்பதாகவா?

2. சேப்பலில் அமைதியாக அமர்ந்திருந்தால் போதுமா, பாடவும் ஜெபிக்கவும் வேண்டுமா?

3. பைபிள் பாடத்தின் மதிப்பெண் இறுதித் தரப் பட்டியலில் சேருமா?

4. ஜும்ஆவுக்கும் இரு பெருநாட்களுக்கும் அனுமதி உண்டா? லுஹர் தொழ இடம் கிடைக்குமா?

5. ஹிஜாபும் முழுக்கால் விளையாட்டு உடையும் சீருடை விதிக்குள் வருமா?

6. மதிய உணவில் பன்றி இறைச்சி இல்லாததைத் தேர்ந்தெடுக்க வழி உண்டா?

பதில்களை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஒருவர் சிரித்த முகத்தோடு “பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னது பின்னால் செல்லாது. கட்டண ஒப்பந்தத்தையும் கவனியுங்கள். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பிள்ளையை நிறுத்தினாலும் முழு ஆண்டுக் கட்டணத்தையும் செலுத்தியாக வேண்டும் என்ற நிபந்தனை பல பள்ளிகளில் உண்டு. மனம் ஒப்பாமல் பாதியில் விலக நினைக்கும் பெற்றோரைத் தடுத்து நிறுத்துவது பல நேரங்களில் அந்த ஒரு வரிதான்.

வேறு வழிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை. பல இடங்களில் ஏ.பி. பாடங்களும் உண்டு. பாடவேளை அல்லாத நேரத்தில் பிள்ளை தானாகத் தொழுவதற்கும் உரிமை உண்டு. அத்துடன் மஸ்ஜிதின் வார இறுதி மதரஸாவும் சேர்ந்தால் பல குடும்பங்களுக்கு அதுவே போதுமானது. முழுநேர இஸ்லாமியப் பள்ளி அருகில் இருந்தால் அதன் பாடத் தரத்தையும் நேரில் சென்று பாருங்கள். அரிசோனா 2022லும் புளோரிடா 2023லும் எல்லாக் குடும்பங்களுக்கும் விரிவுபடுத்திய கல்வி உதவித்தொகையை, தகுதி பெற்ற இஸ்லாமியப் பள்ளிகளுக்கும் பயன்படுத்தலாம்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். எந்தப் பள்ளியைத் தேர்ந்தாலும், அன்றாடம் அங்கே என்ன கற்றார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து கேட்கும் பொறுப்பு நம்முடையது. அதை எந்தப் பள்ளியும் நமக்காகச் செய்யாது. நம் சந்ததிகளுக்குப் பயனுள்ள கல்வியையும் உறுதியான ஈமானையும் அல்லாஹ் வழங்குவானாக!