காப்பாற்ற வந்த வலையே கொன்றது ஏன்?

உயரத்திலிருந்து கதாநாயகி விழுகிறாள். கடைசி நொடியில் பாய்ந்து வந்து கதாநாயகன் தாங்கிப் பிடிக்கிறான். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. 1978-இல் வெளிவந்த 'சூப்பர்மேன்' படத்தில் ஹெலிகாப்டரிலிருந்து விழும் லோயிஸ் அப்படித்தான் பிழைத்தாள். நாமும் கை தட்டினோம். ஆனால் இயற்பியல் கை தட்டுமா?

சிறு வயது முதல் சித்திரக்கதைகளைச் சேர்த்துவரும் எனக்கு, 2014-இல் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன் 2' படத்தின்மேல் குறைகள் பல உண்டு. எலக்ட்ரோ, கிரீன் காப்ளின், ரைனோ என்று மூன்று வில்லன்களை ஒரே படத்தில் திணித்துவிட்டார்கள். ஒருவன் கதையும் மனத்தில் ஒட்டவில்லை. ஆயினும் இறுதியில் வரும் ஒரே ஒரு காட்சிக்காக அவற்றையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன். அது, சிலந்தி மனிதனின் காதலி க்வென் இறக்கும் காட்சி.

இதன் மூலக்கதை 1973-இல் வந்த 121-ஆவது இதழில் இருக்கிறது. எழுதியவர் ஜெரி கான்வே. வரைந்தவர் கில் கேன். பாலத்துக் கோபுரத்தின் உச்சியிலிருந்து க்வென்னை வில்லன் தள்ளிவிடுகிறான். சிலந்தி மனிதன் வீசிய வலை அவள் கால்களைப் பற்றிக்கொள்கிறது. மகிழ்ச்சியோடு மேலே இழுக்கிறான். வந்து சேர்ந்ததோ உயிரற்ற உடல்!

"விழும்போதே இறந்திருப்பாள்" என்ற பொருளில் வில்லன் ஏளனம் செய்கிறான். இது தவறு. பாராசூட் வீரர்கள் மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வேகத்தில் வெகுநேரம் விழுந்தும் உயிரோடு தரையிறங்குகிறார்கள். விழுவது யாரையும் கொல்வதில்லை. திடீரென்று நிற்பதே கொல்கிறது. வலை சட்டென்று நிறுத்தியதால்தான் கழுத்து முறிந்தது என்று பிந்திய இதழொன்றில் ஆசிரியர் குழுவே வாசகர்களுக்கு விளக்கம் அளித்தது.

நாமும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? உயரம் 80 மீட்டர், க்வென்னின் நிறை 50 கி.கி. என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி². காற்றின் தடையை விட்டுவிடுவோம். கீழே வர ஆகும் நேரம் 4 விநாடி. அப்போது வேகம் விநாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கி.மீ.

அந்த வேகத்தில் வரும் உடலைக் கடைசி 2 மீட்டரில் வலை நிறுத்துகிறது என்க. நிற்க எடுக்கும் நேரம் 0.1 விநாடி. எதிர்முடுக்கம் 400 மீ/வி². எடையையும் சேர்த்து வலை இழுக்கவேண்டிய விசை 20,500 நியூட்டன். இது அவள் எடையைப்போல் 41 மடங்கு! கால்கள் நின்றுவிட்டன. தலையோ நிலைமத்தால் கீழ்நோக்கியே செல்ல முயல்கிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்வது மெல்லிய கழுத்து.

இதைவிடப் பெரிய எதிர்முடுக்கத்தை ஒரு மனிதர் தாங்கியிருக்கிறாரே என்று கேட்கலாம். உண்மைதான். 1954-இல் ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர், ராக்கெட் வண்டிச் சோதனையில் புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு வரை தாங்கினார். ஆனால் அவர் உடல் இருக்கையோடு பட்டைகளால் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. க்வென்னைப் பிடித்ததோ கால்களில் சுற்றிய ஒரு நூல்!

சரி, அவளைக் காப்பாற்ற வழியே இல்லையா? இருந்தது. 40 மீட்டர் விழுந்ததும் பிடித்து, மீதி 40 மீட்டரில் சிறிது சிறிதாக நிறுத்தியிருந்தால், வலை இழுக்கும் விசை அவள் எடையைப்போல் இரண்டே மடங்குதான். எழுந்து நடந்திருப்பாள். நிற்கும் தொலைவு கூடினால் விசை குறையும். வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும் கிரிக்கெட் வீரர் கையைப் பின்னோக்கி இழுத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

இப்போது திரைப்படத்துக்கு வருவோம். அங்கே பாலம் இல்லை, மணிக்கூண்டு. விழும் க்வென்னை நோக்கி வலை பாய்கிறது. அதன் நுனி ஒரு கைபோல விரிகிறது. பிடித்தும் விடுகிறது, ஆனால் தரைக்கு மிக அருகில். கடிகார முட்கள் 1.21-இல் நிற்கின்றன. அந்தப் பழைய இதழின் எண்ணைக் கண்டு என் போன்ற ரசிகர்களுக்கு நெஞ்சு அடைத்தது. தலை தரையில் மோதியதா, வலையின் உலுக்கல்தான் காரணமா என்று படம் தெளிவாகக் காட்டவில்லை. அந்த ஒரு குறை எனக்கு உண்டு. ஆனாலும் வசூலுக்கு அஞ்சி அவளை எழுப்பி உட்கார வைக்கவில்லை. சிலந்தி மனிதனுக்கும் நியூட்டன் விதிகளில் சலுகை இல்லை என்று துணிந்து சொன்னதே இப்படத்தின் பெருமை. அவனிடம் பலம் இருந்தது, அன்பு இருந்தது. நிறுத்துவதற்குத் தொலைவுதான் இல்லை.

மாணவ நண்பர்களே, அந்தத் தொலைவை நமக்குச் சேர்த்துத் தரும் பொருள்கள் இருக்கின்றன. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு, விபத்தில் நசுங்கிச் சில சென்டிமீட்டரைத் தருகிறது. காரின் இருக்கைப் பட்டை சற்றே நீண்டுகொடுக்கிறது. அந்தச் சில சென்டிமீட்டரே உயிருக்கும் சாவுக்கும் உள்ள இடைவெளி. அடுத்த முறை ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்காரும்போது க்வென்னை நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்!