முதற்பிரதியை அரசு வாங்கும் நாடு

எங்கள் நூலகத்துக்கு வருடத்தில் பல தடவை நாங்கள் கேட்காத பெட்டிகள் வந்து சேரும். உள்ளே புது நாவல்கள், சிறுகதைகள், கவிதைகள், சிறுவர் படக்கதைகள் எல்லாம் இருக்கும். எங்கள் கொம்யூன், அதாவது உள்ளூராட்சி சபை, அவற்றுக்கு ஒரு குரோனர்கூடக் கொடுப்பதில்லை. காசு நோர்வே அரசினுடையது. நான் வசிப்பது நாட்டின் வடகோடியில், பின்மார்க்கில், பாரன்ட்ஸ் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மீன்பிடி ஊரில். புயலுக்கு மலைப்பாதையை மூடினால் பாலும் பாணும் பிந்தும், புத்தகப் பெட்டியும் பிந்தும்.

இங்கே வந்த தமிழர் பலரைப்போல நானும் முதலில் மீன் ஆலையில்தான் நின்றேன். பிறகு மொழி படித்து, நூலகத்தில் பகுதிநேரமாகச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டேன். ஆகவே பதிப்புத் தொழிலை நான் பார்ப்பது பெட்டியை உடைக்கிற ஆளின் பக்கத்திலிருந்து.

1965இல் நோர்வே கலாசாரப் பேரவை தொடங்கியபோதே இந்தக் கொள்முதல் திட்டமும் தொடங்கியது. நோர்வே எழுத்தாளர் எழுதிய புதுப் புனைவு நூல் ஒவ்வொன்றிலும் 1,000 பிரதிகளைப் பேரவை வாங்கி, நாடு முழுக்க உள்ள பொது நூலகங்களுக்கு அனுப்பும். அப்போது நாட்டின் சனத்தொகை நாற்பது இலட்சத்துக்கும் குறைவு. இன்று 55 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. எண்ணிக்கை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. இப்போது பெரியவர்களுக்கான புனைவில் 700க்கும் மேலே, சிறுவர், இளையோர் நூல்களில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு பகுதி மின்னூலாகவும் வருகிறது. மொத்தக் கொம்யூன்கள் 357தான். ஒவ்வொன்றும் பொது நூலகம் வைத்திருக்க வேண்டும், இரவல் இலவசமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரிய நகரங்களுக்குக் கூடுதல் பிரதிகள் போகும். எங்களுக்கு ஒன்று கிடைத்தால் போதும்.

சொந்த மொழியில் நூல்கள் வந்துகொண்டிருக்க வேண்டும் என்ற இந்தக் கவலைக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. டென்மார்க்கின் கீழ் நானூறு வருடம் இருந்த நாடு இது. இப்சனும் பியோர்ன்சனும் ஹாம்சனும் நோர்வேக்காரர், ஆனால் அவர்களுடைய நூல்களைப் பதிப்பித்தது கோபன்ஹேகனில் இருந்த கில்டெண்டல். 1925இல்தான் அந்த நிறுவனத்தின் நோர்வேப் பகுதியைக் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஹாம்சனே அதில் பெரிய பங்கு போட்டார். க.நா.சு. 'நிலவளம்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தாரே, அந்த நாவலின் ஆசிரியர்தான்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் அத்தான் கவிஞர். சொந்தக் காசில் புத்தகம் போடுபவர். நம்முடைய முறை வாசகர்களுக்குத் தெரிந்ததுதானே: அச்சகக் கணக்கைத் தீர்க்க வெளியீட்டு விழா, மண்டபம், தலைமையுரை, நயவுரை. ஊர்க் கடை முதலாளி ஒருவர் முதற்பிரதியை வாங்கி ஒரு கடித உறையைக் கொடுப்பார். பிறகு சிறப்புப் பிரதிகள், அதற்கும் உறைகள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொஞ்சம் அனுப்புவார்கள். மிச்சப் பிரதிகள் கட்டிலுக்குக் கீழே போகும். எங்கள் பெட்டிகளைப்பற்றி நான் சொன்னபோது அவர் கேட்ட முதற் கேள்வி: "பிள்ளை, அரசாங்கத்தின்ரை காசை வாங்கிப்போட்டு அரசாங்கத்தை ஏச ஏலுமோ?"

ஏலும். அதற்குக் காரணம் ஆட்களின் நல்ல மனமல்ல, ஒழுங்கு செய்திருக்கும் விதம். பணத்தை ஒதுக்குவது நாடாளுமன்றம். எந்த நூலை வாங்குவது என்று முடிவு செய்வது பேரவை. தனியொரு நூலைச் சேர், நீக்கு என்று சொல்லக் கலாசார அமைச்சருக்கு அதிகாரம் இல்லை. அதைவிட முக்கியமானது வரிசை. பதிப்பகம் தன் சொந்தத் துணிவில் நூலைத் தெரிந்து, செம்மைப்படுத்தி, வெளியிட்ட பிறகே மதிப்பீட்டுக் குழு அதை வாசிக்கும். எழுதப் போகிறேன் என்று விண்ணப்பம் போட்டு யாருடைய வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. தரம் போதாது என்று குழு சில நூல்களைத் தள்ளும், தள்ளுபட்டவர்கள் மேன்முறையீடு செய்யலாம். புனைவில் பெரும்பாலானவை தேறிவிடும். மொழிபெயர்ப்புக்கும் அபுனைவுக்கும் தனித் திட்டங்கள் உண்டு. அங்கே விதி வேறு, தெரிந்தெடுத்துத்தான் வாங்குவார்கள்.

முதற் கவிதைத் தொகுப்பு போடும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்பது ஒருசில நூறு பிரதிகளாக இருக்கலாம், அதற்கும் குறைவாக இருக்கலாம். அச்சுக்குப் போகும்போதே 700 பிரதிக்கு ஆள் இருக்கும் என்று பதிப்பாளர் கணக்குப் போடலாம். அதனால்தான் அவர் 'சரி' என்கிறார். இந்த விற்பனைக்கு எழுத்தாளருக்குக் கிடைக்கும் உரிமைத் தொகையும் கடை விற்பனையைவிடக் கூடிய வீதத்தில். ஆக, அரசு இங்கே பதிப்பாளருக்குக் கொடைப் பணம் கொடுப்பதில்லை, பிரதியை வாங்குகிறது. பணம் போன வழியிலேயே ஒரு புத்தகம் வாசகர் கைக்கு எட்டுகிற இடத்துக்கு வருகிறது. உதவித்தொகையாகக் கொடுத்திருந்தால் அந்தக் கவிதை எங்கள் ஊரை எட்டியிருக்காது என்பது என் எண்ணம்.

கொள்முதல் மட்டும் இந்தத் தொழிலைத் தாங்கவில்லை. மற்றப் பெரும்பாலான பொருட்களுக்கு 25 வீதம் பெறுமதி சேர் வரி இருக்கிற நாட்டில் புத்தகத்துக்கு வரி பூச்சியம். நூலக இரவலுக்காக எழுத்தாளர் அமைப்புகளுக்கு அரசு 1947 முதல் ஈட்டுத்தொகை கொடுக்கிறது. புது நூலுக்குப் பதிப்பகம் வைத்த விலையே எல்லாக் கடையிலும் விலை. ஒஸ்லோவின் பெரிய கடையும் ஹம்மர்ஃபெஸ்ட்டின் சின்னக் கடையும் ஒரே விலையில்தான் விற்கும். முன்பு இது பதிப்பாளரும் கடைக்காரரும் செய்துகொண்ட உடன்பாடு, 2024 முதல் சட்டம். வெளிநாட்டு மொழிகளுக்குப் போகும் நூல்களுக்கு 1978இல் தொடங்கிய நோர்லா என்ற அமைப்பு மொழிபெயர்ப்பு உதவி கொடுக்கிறது.

யோன் ஃபொஸ்ஸ 1983இல் முதல் நாவலை வெளியிட்டார், 2023இல் நோபல் பெற்றார். அவர் எழுதுவது நீநொர்ஸ்க்கில். நோர்வே மொழியின் இரண்டு எழுத்து வடிவங்களில் அது சிறியது, பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் அதை முதல் வடிவமாகப் படிக்கிறார்கள். கொள்முதல் இல்லாவிட்டால் ஃபொஸ்ஸ வந்திருக்க மாட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவர்களை நம்பவும் மாட்டேன். ஆனால் அந்த நாற்பது வருடத்தில் பெரும்பகுதி அவர் சந்தைக்குப் பிடித்த ஆளாக இருக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது.

குறைகளும் உண்டு. பெரிய மூன்று பதிப்பகங்களான கில்டெண்டல், அஷெஹூக், கப்பலன் டாம் ஆகியவற்றிடமே பெரிய புத்தகக் கடைச் சங்கிலிகள் இருக்கின்றன. அரசுப் பணத்தில் நல்ல பங்கு அவர்களிடமும் போகிறது. சிறு பதிப்பகங்களுக்கு இது உறுத்துவதில் நியாயம் இருக்கிறது. இன்னொன்று, யாருமே தொடாத புத்தகங்கள். சில தொகுப்புகள் எங்கள் தட்டில் வருடக்கணக்காக இருந்தும் ஒரு இரவல்கூடப் போனதில்லை. இடமில்லாமல் அவற்றைக் கழிக்கும் வேலை என்னுடையது. கழிப்பதற்கு முன் நானாவது வாசித்துவிடுவேன். சிலதில் யாரும் தொடாத காரணம் விளங்கும், சிலதில் விளங்காது. விளங்காதவற்றைத் திரும்பத் தட்டில் வைப்பேன். எங்கள் பொறுப்பாளருக்கு இது தெரியும், கண்டுகொள்ளமாட்டார்.

நோர்வே மொழிக்கு வெளியே என்ன நிலை? வடபகுதிப் பூர்வகுடிகளான சாமி மக்களின் மொழியில் வரும் நூல்களுக்கு 1989இல் தொடங்கிய சாமி நாடாளுமன்றம் தனியாக உதவுகிறது. பின்மார்க்கில் அது சின்ன விடயமல்ல. பல தலைமுறைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைப் பேச விடாத அரசுதான் இது. 1991இல் நோர்டிக் பேரவையின் இலக்கியப் பரிசு நில்ஸ் அஸ்லாக் வல்கியபா எழுதிய சாமி நூலுக்குக் கிடைத்தது. தமிழில் எழுதும் நோர்வேக்காரருக்கு இந்தக் கொள்முதல் இல்லை. அவர்களின் பிள்ளைகள் நோர்வே மொழியில் எழுதினால் உண்டு. நியாயமா என்று கேட்டால், ஒரு மொழியைக் காக்கும் திட்டம் அந்த மொழியைத்தானே காக்கும் என்று விட்டுவிடுகிறேன். எனக்குள் ஒரு மூலை ஒப்பாது.

ஆனால் வாசகர் என்ற முறையில் தமிழருக்கு இடம் இருக்கிறது. தேசிய நூலகத்தின் பன்மொழி நூலகம் தமிழ்ப் புத்தகங்களை வாங்கி வைத்து, கேட்கும் கொம்யூன்களுக்கு இரவலாக அனுப்பும். மீன் ஆலையில் வேலை முடிந்து வரும் அக்காமாருக்கு நான் இப்படித்தான் நாவல் எடுத்துக் கொடுக்கிறேன். அத்தானின் தொகுப்பையும் வாங்கும்படி அங்கே எழுதிக் கேட்கலாம் என்று நினைத்து, போனில் விபரம் கேட்டேன்.

"ஐ.எஸ்.பி.என். இலக்கம் இருக்கோ அத்தான்?"

"விழாவுக்கு அவசரப்பட்டதிலை எடுக்கேல்லை பிள்ளை. எத்தினை வாங்குவினம்?"

"ஒண்டு, ரெண்டு வாங்கலாம்."

"அப்ப சரி, எடுக்கிறன். அந்த எழுநூறு நோர்வேக்காரருக்கு மட்டும்தானே?"