உங்களுக்குத் தெரியுமா? மாவனல்லையும் மூன்று விருப்பு வாக்குகளும்

இலங்கையின் கேகாலை மாவட்ட மக்களில் முஸ்லிம்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் மாவனல்லையைச் சேர்ந்த கபீர் ஹாஷிம் இங்கிருந்து பலமுறை பாராளுமன்றம் போயிருக்கிறார். மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. கட்சிக்கு வாக்களித்தபின் அதன் வேட்பாளர்களில் மூவர் வரை விருப்பு வாக்கு இடலாம். சிதறிக் கிடக்கும் சிறுபான்மை ஒருவர் பக்கம் திரண்டால் அந்த வாக்குக்குப் பெரிய பலம் உண்டு. ஆனால் வெல்வதற்குச் சிங்கள வாக்காளரின் விருப்பும் சேரவேண்டும். இதுதான் இங்குள்ள அரசியலின் அழகு.

கிழக்கிலோ வேறு வழி, முஸ்லிம்களுக்கெனத் தனிக் கட்சி: 1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் பிறந்தது. அதன் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விழுந்து உயிரிழந்ததோ, இதே கேகாலையின் அரநாயக்க மலையில்.