இரண்டரை விநாடித் தாலாட்டு

போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏலத்தோட்டங்களுக்குப் போன ஜீப்புகள் மாலையில் போடிநாயக்கனூருக்கு இறங்கி வருகின்றன. இடுக்கி மலைகளில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்த பெண்கள் வீடு சேரும் நேரம் அது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அதன் அன்றைய அழுகை உச்சத்தைத் தொடும் நேரமும் பெரும்பாலும் அதுதான். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, காய்ச்சலும் இல்லை. கண் சொக்குகிறது, ஆனால் தூங்க மறுக்கிறது. பால் பத்தவில்லை என்பார் ஒருவர், கண் பட்டுவிட்டது என்பார் இன்னொருவர், உரம் விழுந்திருக்கிறது என்பார் மூன்றாமவர். பெற்றவளோ தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக் கலங்குகிறாள்.

அவளிடம் ஒரு குறையும் இல்லை. இந்த அழுகைக்கு ஒரு கால அட்டவணை உண்டு. அதை ஆற்றுவதற்கு அவள் வீட்டு உத்தரத்தில் தொங்கும் சேலைத் தூளிக்குள் இயற்பியலும் உயிரியலும் நுட்பமாகப் பின்னிக் கிடக்கின்றன.

முதலில் அட்டவணை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன், 80 தாய்மார்களிடம் தங்கள் குழந்தை எப்போது, எவ்வளவு நேரம் அழுதது என்று நாள்தோறும் குறித்துவைக்கச் சொன்னார். 1962-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: இரண்டாம் வாரத்தில் நாளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் அழும் குழந்தை, ஆறாம் வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் அழுகிறது. போடியில் பேருந்து ஏறினால் மதுரையில் இறங்கும் வரைக்குமான நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதன் பிறகு அழுகை படிப்படியாக இறங்கி, பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு மணி அளவுக்கு வந்துவிடுகிறது. அந்த அழுகையிலும் பெரும்பகுதி மாலை நேரத்தில் குவிந்திருந்தது. இது நடுத்தரக் கணக்கு. இதைவிடக் கூடுதலாக அழும் நலமான குழந்தைகள் நிறைய உண்டு.

இன்னும் வியப்பானது, குறைமாதக் குழந்தைகளின் கணக்கு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் அழுகை, பிறந்த ஆறாவது வாரத்தில் உச்சம் தொடுவதில்லை. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஆறு வாரம் கழித்தே தொடுகிறது. அதாவது, வெளியுலகில் எத்தனை நாள் வாழ்ந்தது என்பதை இந்த அட்டவணை பார்ப்பதில்லை. மூளை எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. பால், வளர்ப்பு, வீட்டுச் சூழல் எல்லாவற்றுக்கும் அடியில் முதிர்ச்சியின் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அழுகைச் சத்தமும் சாதாரணமானது இல்லை. பேசும்போது ஆணின் குரல்நாண்கள் விநாடிக்குச் சுமார் 120 முறையும், பெண்ணின் குரல்நாண்கள் சுமார் 200 முறையும் அதிர்கின்றன. பிறந்த குழந்தையின் நாண்களோ அழும்போது 400 முதல் 500 முறை வரை அதிர்கின்றன. அந்த அதிர்வின் மடங்குகளாக எழும் மேல்சுரங்கள் 3,000-ஐயும் தாண்டி ஏறுகின்றன. பெரியவர்களின் காதுத்துளையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு மிகுந்து ஒலிக்கும் அதிர்வெண்ணும் ஏறத்தாழ 3,000தான். நம் காது எந்த இடத்தில் மிகக் கூர்மையோ, அழுகை அங்கேயே வந்து தைக்கிறது. அடுத்த அறையில் ஆழ்ந்து உறங்கும் தாய் திடுக்கிட்டு எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவிலேயே பாடமும் நடந்திருக்கிறது. 2009-இல் ஜெர்மானிய ஆய்வாளர் காத்லீன் வெர்ம்கேயும் அவருடைய குழுவினரும், பிறந்து சில நாட்களே ஆன 30 பிரெஞ்சுக் குழந்தைகளையும் 30 ஜெர்மன் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை தாழத் தொடங்கி மேலே ஏறியது. ஜெர்மன் குழந்தைகளின் அழுகை உச்சத்தில் தொடங்கி இறங்கியது. அந்தந்த மொழிப் பேச்சின் ஏற்ற இறக்கமும் அப்படித்தான். கடைசி மூன்று மாதங்களில் வயிற்றுக்குள் இருந்தபடியே தாயின் பேச்சுச் சந்தத்தைக் கேட்டுப் பழகிவிட்டுத்தான் குழந்தை வெளியே வருகிறது.

சரி, தூக்கம் ஏன் வருவதில்லை? நம்மைத் தூங்கவைப்பவை இரண்டு. ஒன்று தூக்க உந்தம்: விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்து, ‘படு’ என்று நெருக்கும். மற்றொன்று உடற்கடிகாரம்: மூளையின் அடித்தளத்தில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கூடி, பகலையும் இரவையும் பிரித்துச் சொல்லும் அமைப்பு. சின்னக் குடம் சீக்கிரம் நிறைவதுபோல, குழந்தைக்கு முதல் உந்தம் ஒரு மணி, ஒன்றரை மணி விழிப்பிலேயே நிரம்பிவிடுகிறது. உடற்கடிகாரமோ இன்னும் சீராக ஓடத் தொடங்கவில்லை. இரவைத் தெரிவிக்கும் மெலடோனின் என்ற இயக்குநீர், கருவில் இருந்தவரை நஞ்சுக்கொடி வழியே தாயிடமிருந்து வந்தது. தொப்புள்கொடி அறுந்ததும் அந்தச் செய்தி நின்றுபோனது. குழந்தை அதைச் சொந்தமாக, சீரான தாளத்தில் சுரக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அழுகை இறங்கத் தொடங்குவதும் அதே மாதங்களில்தான். அதுவரை இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் கூடுதலாக இருக்கிறது; அம்மா தன் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலில் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். பகலில் திண்ணை வெளிச்சமும் இரவில் இருட்டும் அந்தக் கடிகாரம் சீக்கிரம் பழகத் துணைசெய்யும்.

இப்போது தூளிக்கு வருவோம். உத்தரத்திலிருந்து குழந்தை கிடக்கும் இடம் வரை ஒன்றரை மீட்டர் தொங்கும் தூளி, ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய இரண்டரை விநாடி எடுக்கும். நிமிடத்துக்கு 24 ஆட்டம். தூளி ஓர் ஊசல் என்பதால், ஆட்டத்தின் நேரத்தைத் தொங்கும் நீளம்தான் தீர்மானிக்கிறது. குழந்தையின் எடைக்கு அதில் பங்கே இல்லை. மூன்று கிலோவில் கிடந்த பிள்ளை ஏழு கிலோ ஆனாலும் தூளி அதே தாளத்தில் ஆடும். ஆட்டத்தின் நேரத்தைப் பாதியாக்க வேண்டுமென்றால் நீளத்தைக் கால் பங்காகக் குறைக்க வேண்டும். எனவே, தூளி கட்டிய அன்றே தாளமும் முடிவாகிவிடுகிறது.

தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, அடுப்படியில் உட்கார்ந்தபடியே பாட்டி இழுத்துவிடுகிறாரே, அதிலும் நுட்பம் இருக்கிறது. தூளி தன் இயல்பான தாளத்தில் வரும் சரியான கணத்தில் ஒரு சிறு இழுப்பு போதும். ஆட்டம் குறையாமல் தொடரும். தன் தாளத்தோடு ஒத்து வரும் சிறு விசைக்கும் பெரிதாக அசையும் இந்தப் பண்பை ஒத்திசைவு என்கிறார்கள். பாட்டி இரண்டு விரலால் ஏழு கிலோவை மணிக்கணக்கில் ஆட்டுவது இந்த விதியின் துணையால்தான்.

ஆட்டத்தை உணரும் கருவி குழந்தையின் காதுக்குள் இருக்கிறது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் உள்ளன. குழல்கள் தலை சுழல்வதை அறிகின்றன. பைகளில் செவிக்கற்கள் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத சுண்ணப் படிகங்கள், மெல்லிய கூழ்மத்தின் மேல் அமர்ந்திருக்கின்றன. தூளி முன்னே போகும்போது இந்தப் படிகங்கள் சற்றே பின்தங்கி, அடியில் உள்ள மயிரணுக்களை வளைக்கின்றன. வளைவு நரம்புச் செய்தியாகிறது. சுவிட்சர்லாந்தில் 2011-இல் 12 ஆண்களைப் பிற்பகலில் மெதுவாக ஆடும் கட்டிலில் படுக்கவைத்தபோது, ஆடாத கட்டிலைவிடச் சீக்கிரமாகவே உறங்கினார்கள். 2019-இல் அதே நாட்டில் எலிகளை ஆட்டிப் பார்த்தார்கள். அவையும் தூங்கின. ஆனால் செவிக்கற்கள் வேலை செய்யாத எலிகளுக்கு ஆட்டத்தால் எந்தப் பயனும் இல்லை. மனிதர்களுக்கான ஆட்டம் நான்கு விநாடிக்கு ஒன்று; எலிகளுக்கு விநாடிக்கு ஒன்று. நம் தூளியின் இரண்டரை விநாடி இவ்விரண்டுக்கும் நடுவில் விழுகிறது.

‘உரம் எடுக்கிறேன்’ என்று மூத்த பெண்கள் குழந்தையைச் சேலையில் கிடத்தி, இருபுறமும் பிடித்து உருட்டுவதும் இதே செவிக்கற்களைத்தான் அசைக்கிறது. சுளுக்கு எதையும் நீக்காவிட்டாலும், அசைவே அமைதியைத் தந்துவிடலாம். அதற்கு மென்மையான ஆட்டமே போதும். கழுத்து நிற்காத பிள்ளையை வேகமாக உருட்டக் கூடாது.

தூக்கிக்கொண்டு நடப்பதன் மாயம் இன்னும் ஒரு படி மேலே. ஜப்பானின் ரிகென் நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 2013-இல் கண்டது இது: அழும் குழந்தையை மடியில் வைத்திருந்த தாய் எழுந்து நடக்கத் தொடங்கிய சில விநாடிகளிலேயே அதன் இதயத் துடிப்பு இறங்கியது, கைகால் உதறல் நின்றது, அழுகை குறைந்தது. தாய் எலி கவ்விக்கொண்டு போகும் குட்டியும் அதேபோல ஒடுங்கி அமைதியானது. அந்த ஒடுக்கத்தை மருந்தால் தடுத்தபோது குட்டி நெளிந்தது. தாய்க்கு அதைத் தூக்கிச்செல்ல அதிக நேரம் பிடித்தது. ஆபத்தில் தாய் ஓடும்போது குட்டி செய்யும் ஒத்துழைப்பு இது. தோளில் கிடக்கும் பிள்ளை சட்டென்று அடங்குவது, பாலூட்டிகளின் நெடுங்காலப் பழக்கம்.

தூங்கிவிட்டதே என்று மெல்லக் கீழே கிடத்தினால் உடனே விழித்துக்கொள்கிறதே? அதற்கும் விடை கிடைத்திருக்கிறது. முதல் மாதங்களில் குழந்தை, கண்மணி உருளும் இலேசான தூக்கத்தின் வழியாகத்தான் உறக்கத்துக்குள் நுழைகிறது. அதன் ஒரு தூக்கச் சுற்று சுமார் 50 நிமிடம். நமக்கு 90 நிமிடம். குரோடாவின் குழு 2022-இல் 21 குழந்தைகளின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து அளந்தது. முதுகு பாயில் படும் கணத்தைவிட, தாயின் உடலிலிருந்து பிரியத் தொடங்கும் கணத்திலேயே துடிப்பு மாறியது. அவர்கள் சொல்லும் வழி எளிது: அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் சீராக நடக்க வேண்டும். உறங்கியதும் உடனே கிடத்தாமல், ஐந்து முதல் எட்டு நிமிடம் கையிலேயே வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு கிடத்தலாம்.

அழுதால்தான் தூக்க வேண்டும் என்பதும் இல்லை. கனடாவில் ஹன்சிக்கர், பார் இருவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், அழாத நேரத்திலும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் குழந்தையைச் சுமக்கும்படி ஒரு பகுதித் தாய்மார்களிடம் சொன்னார்கள். ஆறாம் வாரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவற்றைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதன. கலகாரிப் பாலைவனத்தின் குங் மக்கள் குழந்தையை இறக்கிவிடாமலே வளர்ப்பவர்கள். அங்கும் அழுகையின் உச்சம் அதே வாரங்களில் வருகிறது. ஆனால் அழும் நேரம் மேலைநாட்டுக் குழந்தைகளின் பாதிதான். போடிக்கு மேலே கொட்டகுடி மலைகளில் வாழும் முதுவர் பெண்கள் பிள்ளையை முதுகில் துணியால் கட்டிச் சுமக்கும் வழக்கமும் இந்த அறிவின் ஒரு கிளையே.

பாட்டும் சேர்ந்தால் பலன் கூடும். கனடாவில் நடந்த ஒரு சோதனையில், முன்பின் கேட்டிராத துருக்கிய மொழிப் பாட்டைக் கேட்ட குழந்தைகள் சுமார் ஒன்பது நிமிடம் அமைதியாக இருந்தன. பேச்சைக் கேட்டவை நான்கு நிமிடத்தில் சிணுங்கின. தாலாட்டின் பொருள் குழந்தைக்குத் தேவையில்லை. சீரான சந்தம் போதும். குரல் நன்றாக இல்லை என்று எந்தத் தகப்பனும் தயங்க வேண்டாம்.

நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவதும், ஓமத் தண்ணீர் புகட்டுவதும் இந்த அழுகைக்குத் தேவையில்லை. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் காரணமாக அமெரிக்கா அதை உணவில் சேர்ப்பதை 1968-லேயே தடைசெய்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தூளியில் பிள்ளை மல்லாந்து கிடக்க வேண்டும். தாடை நெஞ்சில் அமுங்கக் கூடாது, முகத்தைத் துணி மூடக் கூடாது, யாராவது பார்வையில் வைத்திருக்க வேண்டும். பால் குடிக்க மறுப்பது, பச்சை வாந்தி, துவண்டுபோவது, மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் ஆகியவை இந்த அட்டவணைக்கு வெளியே உள்ளவை. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பொறுமை எல்லை கடந்தால், குழந்தையைப் பாயில் மல்லாத்திக் கிடத்திவிட்டு, சில நிமிடம் வெளியே போய் நின்றுவிட்டு வரலாம். எந்த நிலையிலும் குலுக்கக் கூடாது. அது மூளைக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கும்.

இந்த அறிவியல் அனைத்தும் கேட்பது ஒன்றைத்தான்: கைகள். ஒரு நாளில் பல மணி நேரம் சுமக்கவும் ஆட்டவும் பாடவும், மலையேறி இறங்கிய ஒருத்தியின் உடம்பால் மட்டும் முடியாது. இந்தியாவில் 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 அல்லது அதற்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. இத்தகைய காப்பகத்தை இலங்கை மலையகத்தில் பிள்ளை மடுவம் என்பார்கள். வரிசையாகத் தொங்கும் தூளிகளை அங்கே ஓர் ஆயா ஆட்டுவார். ஜீப்பில் போய் வரும் தினக்கூலிப் பெண்ணுக்கு அந்த ஆயாவின் இடத்தில் இருப்பது வீடும் தெருவும்தான். அழுகை ஆறாம் வாரத்தில் ஏறி, பன்னிரண்டாம் வாரத்தில் தானாக இறங்கும். அந்த ஏற்றத்தின் வாரங்களில், மாலையில் ஜீப்பிலிருந்து இறங்கும் பெண்ணுக்குச் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, தூளிக் கயிற்றைக் கணவனோ மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இழுப்பது யார் கையாக இருந்தாலும் அந்த ஊசல் ஒரே தாளத்தில்தான் ஆடும்.