வெள்ளம் வருமுன் அணை

2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை காலை. அமெரிக்காவின் விர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நாரிஸ் ஹால் கட்டடத்தின் 206-ஆம் எண் அறை. நீரியல் வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. பாடம் எடுப்பவர் பேராசிரியர் ஜி.வி.லோகநாதன். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் பிறந்தவர். மழை, ஆறு, வெள்ளம் இவற்றைப் படிப்பதும் கற்பிப்பதுமே அவர் வாழ்க்கையாக இருந்தது.

மணி 9.40 வாக்கில் அதே பல்கலைக்கழக மாணவன் ஒருவன் இரண்டு கைத்துப்பாக்கிகளோடு அந்த மாடிக்கு வந்தான். லோகநாதனும் அவர் வகுப்பில் இருந்த 13 மாணவர்களில் 9 பேரும் உயிரிழந்தார்கள். பக்கத்திலிருந்த 204-ஆம் அறையில், ஹிட்லர் காலத்துக் கொடுமைகளிலிருந்து தப்பிப் பிழைத்த 76 வயதுப் பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு கதவைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றார். மாணவர்கள் பலர் ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார்கள். அவர் தப்பவில்லை. அன்று காலை விடுதியில் கொல்லப்பட்ட 2 பேரையும் சேர்த்து 32 உயிர்கள் போயின.

சுட்டவனின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இத்தகைய கொலைகளுக்குக் கிடைக்கும் விளம்பரமே அடுத்தவனைத் தூண்டும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்துவருகிறார்கள். பெயரை விட, அந்தக் காலைக்கு முந்தைய ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளில் நடந்தவைதான் நமக்கு முக்கியம்.

ஆளுக்கொரு துண்டு

அந்த மாணவன் எழுதியவற்றையும் அவன் நடந்துகொண்ட விதத்தையும் கண்டு ஆங்கிலத்துறை ஆசிரியர்கள் கலங்கிப்போயிருந்தார்கள். கவிஞரும் பேராசிரியருமான நிக்கி ஜியோவானி, அவனைத் தன் வகுப்பிலிருந்து மாற்றியே ஆகவேண்டும் என்றார். துறைத் தலைவர் லூசிண்டா ராய் அவனுக்குத் தனியாகப் பாடம் எடுத்தார். மாணவிகள் சிலர் அவன் தொல்லை தருவதாகப் புகார் செய்தார்கள். வளாகப் போலீஸ் எச்சரித்தது. தற்கொலை செய்துகொள்வேன் என்ற பொருளில் அறைத் தோழனிடம் அவன் ஏதோ சொன்னான். ஓர் இரவு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள்.

2005 டிசம்பர் 14 அன்று, மனநோயால் அவன் தனக்கே ஆபத்தானவன் என்று நீதிமன்றம் சொன்னது. வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டது. பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்கு அன்றைக்குப் போனான். அதன் பிறகு அவன் சிகிச்சைக்கு வந்தானா என்று தொடர்ந்து கவனிக்க யாரும் இல்லை.

2007 தொடக்கத்தில் அவன் துப்பாக்கி வாங்கினான். பின்னணிச் சோதனையில் ஒரு தடையும் வரவில்லை. நீதிமன்றத்தால் அப்படி அறிவிக்கப்பட்டவர் துப்பாக்கி வாங்கக்கூடாது என்பது மத்திய அரசின் சட்டம். ஆனால் மருத்துவமனையில் சேர்க்க உத்தரவான பெயர்களை மட்டுமே விர்ஜீனியா மாநிலம் சோதனைப் பட்டியலுக்கு அனுப்பிவந்தது. இவன் வெளிநோயாளி என்பதால் பெயர் போகவில்லை.

ஆசிரியர், போலீஸ், மருத்துவர், நீதிமன்றம் என ஆளுக்கொரு துண்டு கையில் இருந்தது. தனியுரிமைச் சட்டங்களைத் தவறாகப் புரிந்துகொண்டு, சொல்லவேண்டியதைக்கூடச் சொல்லாமல் இருந்தார்கள் என்று பின்னர் வந்த விசாரணைக் குழு கண்டது. எங்கள் பக்கம் பவானிசாகர் அணையில் தண்ணீர் திறந்தால் கீழே உள்ள கொடிவேரிக்கு முன்கூட்டியே சேதி போய்விடும்; கரையோர மக்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். விர்ஜீனியாவில் மேலே வெள்ளம் வந்தது பலருக்குத் தெரிந்திருந்தது. கீழே இருந்த வகுப்பறைகளுக்குத்தான் சேதி வரவில்லை.

பழியை நோய்மீது போடாதீர்கள்

ஒவ்வொரு பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் தொலைக்காட்சியில் ஒரே பேச்சு. “துப்பாக்கி பிரச்னை இல்லை, மனநோய்தான் பிரச்னை” என்கிறது ஒரு தரப்பு. பாதி உண்மைதான் இது. இந்தப் பாதி உண்மையால் நோயாளிகள் படும் பாடு கொஞ்சமல்ல.

மனநோய்க்கும் வன்முறைக்கும் உள்ள தொடர்பைப் பல்லாண்டுகளாக ஆராய்பவர் ட்யூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன். கடுமையான மனநோய்களையெல்லாம் நாளைக்கே குணப்படுத்திவிட்டாலும், சமூகத்தில் நடக்கும் வன்முறை 4 சதவிகிதம்தான் குறையும் என்பது அவர் கணக்கு. மனச்சோர்வும் மனச்சிதைவும் உலகம் முழுக்க இருக்கின்றன. பொதுமக்கள் கையில் ஏறத்தாழ 39 கோடி துப்பாக்கிகள் இருப்பது அமெரிக்காவில்தான். மக்கள்தொகையை விடத் துப்பாக்கிகள் அதிகம்.

பள்ளியில் சுட்ட சிறுவர்களைப் பற்றி அமெரிக்க அரசின் ‘சீக்ரெட் சர்வீஸ்’ காவல் அமைப்பும் கல்வித்துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை நடந்த 37 சம்பவங்களை ஆராய்ந்தன. சம்பவத்துக்கு முன் மனநோய் என்று மருத்துவர் உறுதிசெய்திருந்தவர்கள் 17 சதவிகிதம்தான். ஆனால் தற்கொலை எண்ணமோ முயற்சியோ இருந்தவர்கள் 78 சதவிகிதம். முக்கால்வாசிப் பேருக்குச் சாகவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. 81 சதவிகித சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. 68 சதவிகிதம் பேர் துப்பாக்கியைத் தங்கள் வீட்டிலிருந்தோ சொந்தக்காரர் வீட்டிலிருந்தோ எடுத்திருந்தார்கள்.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் தடுக்கவேண்டிய இடம் தெரிகிறது. நொறுங்கிப்போன ஒரு மனம், அதைக் கண்டும் சொல்லாத ஒரு நண்பன், பூட்டாமல் கிடக்கும் ஒரு துப்பாக்கி. இந்த மூன்றும் ஒன்றாகச் சந்திக்கும் நாள்தான் ஆபத்து. “மனநோயாளிகள் ஆபத்தானவர்கள்” என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தால், உதவி தேவைப்படும் பையன் எந்த டாக்டரிடம் வாய் திறப்பான்?

கணக்குத் தாளில் ஒரு படம்

2021 நவம்பர் 30. மிச்சிகன் மாநிலம், ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளி. 15 வயது மாணவனின் கணக்குத் தாளைக் கண்ட ஆசிரியை அதிர்ந்துபோனார். துப்பாக்கி, தோட்டா, ரத்தம் வழியும் மனிதன் என்று படங்கள். பக்கத்திலேயே, தலைக்குள் ஓடும் எண்ணங்கள் நிற்கவில்லை, உதவி வேண்டும் என்ற பொருளில் வார்த்தைகள்.

பெற்றோரை வரவழைத்தார்கள். 48 மணி நேரத்துக்குள் மனநல ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள் என்றார்கள். அன்றே வீட்டுக்குக் கூட்டிப்போகப் பெற்றோர் சம்மதிக்கவில்லை. நான்கு நாள் முன்பு மகனுக்காகக் கைத்துப்பாக்கி வாங்கியிருந்ததை அவர்கள் சொல்லவில்லை. பையனின் புத்தகப்பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பைக்குள்தான் துப்பாக்கி இருந்தது. சில மணி நேரத்தில் 4 மாணவர்கள் இறந்தார்கள், 7 பேர் காயப்பட்டார்கள்.

2024-இல் தாய், தந்தை இருவரையும் தனித்தனி ஜூரிகள் குற்றவாளிகள் என்றன. ஆளுக்கு 10 முதல் 15 ஆண்டு சிறை. பிள்ளை நடத்திய பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல்முறை.

அந்தக் கணக்குத் தாள் என்னைத் தூங்கவிடுவதில்லை. உதவி கேட்டு ஒரு பிள்ளை எழுதியே கொடுத்துவிட்டான். பெரியவர்கள் அனைவரும் அதைப் பார்த்தார்கள். பையைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும்.

உரிமைக்கும் கரை உண்டு

துப்பாக்கி வைத்திருக்க விரும்பும் அமெரிக்கர்களை வெறியர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை. வேட்டை அவர்கள் குடும்பப் பழக்கம். தூரத்துப் பண்ணை வீட்டில் காவலுக்கு அது மட்டுமே துணை. 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் சட்டத்திருத்தம் தனிநபர் உரிமையையே காக்கிறது என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில், குற்றவாளிகளும் மனநோயாளிகளும் துப்பாக்கி வைத்திருப்பதற்கான நீண்டகாலத் தடைகள்மீதும், பள்ளி போன்ற இடங்களில் எடுத்துச் செல்வதற்கான தடைகள்மீதும் ஐயம் எழுப்பவில்லை என்று நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா எழுதினார். 2024-இல் ரஹிமி வழக்கில், பிறர் உயிருக்கு ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்டவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுக்கலாம் என்று 9 நீதிபதிகளில் 8 பேர் சொன்னார்கள்.

‘ரெட் ஃபிளாக் சட்டம்’ என்று சொல்லப்படுவது இந்த வழியில்தான் போகிறது. ஒருவர் தன்னையோ பிறரையோ கொல்லக்கூடும் என்று அஞ்சினால் போலீஸ், பல மாநிலங்களில் குடும்பத்தாரும்கூட, நீதிபதியிடம் போகலாம். ஆதாரத்தைப் பார்த்து நீதிபதி சில நாட்களுக்குத் துப்பாக்கியை எடுத்துவைக்கச் சொல்வார். பிறகு விசாரணை நடக்கும். பொதுவாக ஓராண்டு வரை தடை நீடிக்கலாம். அவர் நோயாளியா என்று சட்டம் கேட்பதில்லை, ஆபத்து இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. 1999-இல் கனெக்டிகட் தொடங்கியது. இன்று 20-க்கு மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. தன் மாநிலத்துப் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்றே வாரங்களில், துப்பாக்கிமேல் பிரியம் கொண்ட ஃப்ளோரிடாகூட இப்படியொரு சட்டம் போட்டது.

தன் பக்கம் கேட்காமலேயே உரிமை பறிபோகுமோ என்ற அச்சம் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இருக்கிறது. அதை அலட்சியம் செய்யக்கூடாது. விசாரணை விரைவாக நடக்கவேண்டும், பொய்ப் புகாருக்குத் தண்டனை வேண்டும், தடைக் காலம் முடிந்ததும் பொருள் திரும்பக் கிடைக்கவேண்டும்.

பள்ளிகள் செய்யக்கூடியது

விர்ஜீனியா பாடம் கற்றது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ‘அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழு’ இருக்கவேண்டும் என்று 2013-இல் முதலில் சட்டம் போட்ட மாநிலம் அதுதான். தலைமையாசிரியர், ஆலோசகர், போலீஸ் அதிகாரி, மனநலம் தெரிந்தவர் என எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்கிறார்கள். ஆளுக்கொரு துண்டாகக் கிடந்த தகவல் அங்கே ஒன்றுசேர்கிறது. மிரட்டிய பையன் கோபத்தில் உளறினானா, உண்மையிலேயே திட்டம் போடுகிறானா என்று விசாரிக்கிறார்கள். தண்டித்து விரட்டுவதை விட, அவன் கஷ்டம் என்ன என்று கேட்பதே முதல் வேலை.

வீட்டில் செய்யவேண்டியது இன்னும் எளிது. துப்பாக்கியைத் தோட்டா நீக்கிப் பூட்டிவைப்பது. தோட்டாவை வேறிடத்தில் பூட்டுவது. சாவி இருக்குமிடம் பிள்ளைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்களையே சுட்டுக்கொள்பவர்கள் என்பதால், அந்தப் பூட்டு முதலில் காப்பாற்றுவது அந்த வீட்டுப் பிள்ளையைத்தான். அங்கே குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களும், பிள்ளையை நண்பன் வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது “உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?” என்று கூச்சப்படாமல் கேட்கலாம். நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா என்று கேட்பதைப் போலத்தான் இதுவும்.

நாரிஸ் ஹாலில் அந்தத் துயரம் நடந்த பகுதியைப் பின்னர் புதுப்பித்தார்கள். அமைதி ஆய்வுக்கும் வன்முறைத் தடுப்புக்குமான மையம் ஒன்று அங்கே அமைந்தது. அதன் முதல் இயக்குநர் யெர்ஸி நோவாக், தோட்டக்கலைப் பேராசிரியர். அந்தக் காலையில் அதே கட்டடத்தில் பிரெஞ்சுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்ட ஆசிரியையின் கணவர். மனைவி இறந்த மாடியிலேயே மேசை போட்டு உட்கார்ந்து, இன்னொரு வகுப்பறையில் இது நடக்காமலிருக்க என்ன வழி என்று அவர் தேடத் தொடங்கினார்.